முதலில் நீக்குங்கள், அப்புறம் புதுப்பியுங்கள்: வீட்டுக் கணினிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை

சித்தப்பா வீட்டுக் கணினியில் மூன்று ஜாவா இருந்தன. ஜாவா 6, ஜாவா 7, ஜாவா 8. ஜாவா மொழியில் எழுதிய செயலிகள் ஓடுவதற்கு வேண்டிய மென்பொருள் அது. கூடவே ஒரு காலத்தில் இணையத்தில் வீடியோவும் விளையாட்டும் ஓட்டிய ஃபிளாஷ் பிளேயர், ஆப்பிளின் வீடியோ செயலி குவிக்டைம், பிடிஎஃப் படிக்கும் அடோபி ரீடர் 11, காலாவதியான ஒரு ஆன்டிவைரஸ், சுருக்கிக் கட்டிய கோப்புகளைப் பிரிக்கும், திறக்கும்போதெல்லாம் காசு கேட்கும் பழைய வின்ரார். ஓய்வு பெற்ற பிறகு சித்தப்பா அந்தக் கணினியில் செய்வது நான்கே வேலைகள். செய்தி படிப்பார், பேங்க் கணக்கு பார்ப்பார், பேத்தியோடு வீடியோவில் பேசுவார், கோயில் கமிட்டியின் வரவு செலவை எக்செலில் எழுதுவார். அந்த நான்குக்கும் இந்த ஏழெட்டுச் செயலிகளில் ஒன்றுகூடத் தேவையில்லை.

"அப்டேட்னு வந்தா நான் தள்ளிப் போட்டதே இல்லப்பா, உடனே போட்டுருவேன்" என்றார். உண்மைதான். விண்டோஸ் அப்டேட் ஒழுங்காகவே ஆகியிருந்தது. ஆனால் விண்டோஸ் அப்டேட் மைக்ரோசாஃப்டின் சரக்கைத்தான் கவனிக்கும். வேறு நிறுவனங்களின் செயலிகள் அவரவர் ஏற்பாட்டில் இருப்பவை. சில தாமாகப் புதுப்பித்துக்கொள்ளும், சில நம்மைக் கேட்கும், சில வாயே திறக்காது. ஜாவா போன்ற சில, புதியதை நிறுவிவிட்டுப் பழையதை அப்படியே விட்டுவைத்த காலமும் உண்டு. சித்தப்பா போன்ற பொறுப்பான ஆள் வீட்டிலேயே இப்படிக் குவிவது அதனால்தான்.

அன்று அவரோடு உட்கார்ந்து செய்த வேலையை அதே வரிசையில் எழுதுகிறேன். விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள கணினியை இப்போதுதான் பழகத் தொடங்கியவர்களுக்கு இது போதும். வழக்கமாக எல்லோரும் எல்லாவற்றையும் அப்டேட் செய்துவிட்டு, நேரம் மிஞ்சினால் பழையதை நீக்கப் பார்ப்பார்கள். நான் அதைத் திருப்பிச் செய்யச் சொல்வேன். வேண்டாததை முதலில் எடுத்துவிட்டால் அப்டேட் செய்யவேண்டிய பட்டியல் பாதியாகிவிடும். டேட்டாவும் மிச்சம், நேரமும் மிச்சம்.

ஏன் தள்ளிப் போடக் கூடாது

ஒரு செயலியில் ஓட்டை, அதாவது வெளியாள் உள்ளே புக இடம் தரும் குறை, கண்டுபிடிக்கப்பட்டால் நிறுவனம் அதை அடைத்துப் புதுப் பதிப்பு வெளியிடும். அது வெளியான நாளிலிருந்துதான் பழைய பதிப்பு வைத்திருப்பவருக்கு ஆபத்து கூடுகிறது. பலர் யோசிக்காத விஷயம் இது. பழைய கோப்பையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் எந்த இடத்தை மாற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ஓட்டை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தவனுக்கு அந்த ஒப்பீடே வழி காட்டிவிடும்.

2017இல் நடந்ததைப் பாருங்கள். விண்டோஸின் கோப்புப் பகிர்வு வசதியில் இருந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்று வெளியிட்டது. மே 12 அன்று அதே ஓட்டை வழியாக வான்னாக்ரை என்ற வைரஸ் புகுந்தது. 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் திரைகள் சிவந்து நின்றன, அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. மருந்து வந்து எட்டு வாரம் ஆகியிருந்தது. போட்டுக்கொள்ளாத கணினிகள்தான் மாட்டின.

வீட்டுக் கணினியில் இருப்பது மருத்துவமனைப் பதிவுகள் இல்லைதான். ஆனால் கல்யாண ஆல்பம், பத்திரத்தின் ஸ்கேன், பென்ஷன் காகிதங்கள் இருக்கின்றன. பெரும்பாலான வீடுகளில் அவற்றுக்கு வேறு பிரதியும் கிடையாது.

தொடங்கும் முன்

ஆகவே முதல் வேலை அந்தப் பிரதியை எடுப்பது. ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கோ பெரிய பென்டிரைவோ செருகி, டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் நான்கையும் அப்படியே நகலெடுங்கள். முடிந்ததும் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். செருகியே வைத்திருந்தால், கோப்புகளைப் பூட்டும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

அடுத்தது மின்சாரம். லேப்டாப் என்றால் சார்ஜரில் போடுங்கள். டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். சில நிமிடம்கூடத் தாங்காது என்றால் கரண்ட் அடிக்கடி போகிற நேரத்தில் தொடங்க வேண்டாம். அப்டேட் பாதியில் நின்றால் பெரும்பாலும் விண்டோஸே சமாளித்துப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எப்போதும் அப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது.

ஸ்டார்ட் மெனுவில் 'ரீஸ்டோர் பாயின்ட்' என்று தேடினால் ஒரு சிறிய ஜன்னல் வரும். அதில் 'கிரியேட்' என்பதை அழுத்தி இன்றைய தேதியைப் பெயராகக் கொடுங்கள். எதையாவது தவறி நீக்கிவிட்டால் திரும்பிப் போக இது உதவும். பொத்தான் மங்கலாக இருந்தால், அருகிலுள்ள 'கான்ஃபிகர்' வழியாக அந்த வசதியை முதலில் இயக்க வேண்டும்.

பட்டியல் எடுப்பது

இதற்கு ஒரு நோட்டும் பேனாவும் வேண்டும். செட்டிங்ஸைத் திறந்து 'ஆப்ஸ்' என்பதற்குள் போங்கள். விண்டோஸ் 11இல் 'இன்ஸ்டால்ட் ஆப்ஸ்' என்றும், 10இல் 'ஆப்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்' என்றும் இருக்கும். கணினியில் உள்ள செயலிகளின் பட்டியல் அங்கே வரும். எனக்குப் பழைய கன்ட்ரோல் பேனலில் உள்ள 'புரோகிராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்' பட்டியல்தான் வசதி. பெயர், நிறுவனம், நிறுவிய தேதி, பதிப்பு எண் எல்லாம் ஒரே வரியில் தெரியும். நிறுவனத்தின் பெயர்ப்படி வரிசைப்படுத்தினால் ஒரே செயலியின் பழைய பதிப்புகள் அடுத்தடுத்து வந்து நிற்கும். சித்தப்பாவின் மூன்று ஜாவாவும் அப்படித்தான் கண்ணில் பட்டன.

ஒவ்வொன்றாக எழுதி, எதிரே வீட்டில் யார் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று குறியுங்கள். வீட்டில் எல்லோரையும் கேட்டுவிட்டே எழுதுங்கள். நமக்குத் தெரியாத ஏதோ ஒரு செயலி பிள்ளைகளின் பள்ளி வேலைக்கு வேண்டியிருக்கும்.

பதிப்பு எண்ணைப் படிப்பதில் ஒரு சறுக்கல் உண்டு. 3.0.9, 3.0.20 இரண்டில் எது புதியது? தசமப் புள்ளியாக நினைத்தால் 9 பெரியதாகத் தோன்றும். புள்ளிக்குப் புள்ளி தனித்தனி எண்ணாகப் படிக்க வேண்டும். 20 என்பது 9ஐவிடப் பெரியது, ஆகவே 3.0.20தான் புதியது. இதைத் தப்பாகப் படித்து, புதியதை நீக்கிப் பழையதை வைத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எதை எடுக்கலாம்

முதலில் தயங்காமல் எடுக்கவேண்டியவை. ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31 அன்று முடித்துக்கொண்டது. 2021 ஜனவரி 12 முதல் அது இயங்குவதையே தடுத்துவிட்டது. இன்று அதனால் ஒரு பயனும் கிடையாது. விண்டோஸோடு வந்த ஃபிளாஷை மைக்ரோசாஃப்ட் தன் அப்டேட் வழியாக நீக்கியது. நாமே தனியாக நிறுவியதை அந்த அப்டேட் தொடாது, நாம்தான் எடுக்க வேண்டும். விண்டோஸுக்கான குவிக்டைமை ஆப்பிள் 2016லேயே கைவிட்டது. அதில் அப்போது கண்டுபிடிக்கப்பட்ட இரண்டு ஓட்டைகள் அடைக்கப்படவே இல்லை. அதைக் கணினியிலிருந்து நீக்கிவிடுமாறு அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்புக் குழுவே அறிவுறுத்தியது.

ஜாவா கொஞ்சம் யோசிக்க வேண்டியது. ஒரு காலத்தில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்வதற்கு ஜாவாவில் எழுதிய செயலியைத் தந்தார்கள். அதற்காக நிறுவியது பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. இப்போது சாதாரண வீட்டுக்கு ஜாவா அநேகமாகத் தேவைப்படாது. பிள்ளைகள் ஆடும் மைன்கிராஃப்ட் தனக்கு வேண்டிய ஜாவாவைத் தானே கொண்டுவந்துவிடும். டிஜிட்டல் கையெழுத்துப் போடும் ஆடிட்டரோ தொழில் செய்பவரோ வீட்டில் இருந்தால் அவரிடம் கேளுங்கள். வேண்டும் என்றால் இருப்பதில் புதிய ஒன்றை மட்டும் வைத்து மற்றதை நீக்கலாம். சித்தப்பா வீட்டில் மூன்றையும் எடுத்தோம். இதுவரை எதுவும் நிற்கவில்லை.

வின்ராரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே கடையில் அசெம்பிள் செய்த கணினிகளில் அது இல்லாத கணினி அபூர்வம். 2019 பிப்ரவரியில் செக் பாயின்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதில் ஓர் ஓட்டையை வெளிப்படுத்தினார்கள். யாருமே இப்போது பயன்படுத்தாத ஏஸ் என்ற பழைய கோப்புவகையைப் பிரிக்கும் பகுதியில் அது இருந்தது, ஏறத்தாழ 19 ஆண்டுகளாக! ஒரு கோப்பைப் பிரித்தாலே போதும், விண்டோஸ் அடுத்த முறை தொடங்கும்போது இயங்கும் இடத்தில் வைரஸை வைத்துவிட முடியும். 5.70 பதிப்பில் ஏஸ் வசதியையே தூக்கிவிட்டார்கள். 2023இலும் 2025இலும் வேறு ஓட்டைகள் தாக்குதலுக்குப் பயன்பட்டு, அவற்றுக்கும் புதிய பதிப்புகள் வந்தன. சிக்கல் என்னவென்றால் வின்ரார் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. 2015இல் கடைக்காரர் போட்ட பதிப்பு இன்றும் அதே பதிப்புதான். விண்டோஸ் 11இல் ரார் (வின்ராரின் சுருக்கிய கோப்புவகை) கோப்புகளைத் திறக்கும் வசதி 2023இன் பிற்பகுதியிலிருந்து உள்ளேயே வந்துவிட்டது. அதில் வின்ராரை எடுத்துவிடலாம். விண்டோஸ் 10இல் அதே வேலையைச் செய்யும் இலவசச் செயலியான செவன் ஜிப் போடலாம். அதுவும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாத ரகம் என்பதால் நோட்டில் ஒரு நட்சத்திரம் போட்டு வையுங்கள்.

அடோபி ரீடர் 11க்கான ஆதரவு 2017 அக்டோபரில் முடிந்தது. பிடிஎஃப் படிக்க மட்டும் என்றால் பிரவுசரே போதும். இ-ஆதாரில் உள்ள டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்த்து அந்தக் கேள்விக்குறியைப் பச்சை டிக்காக மாற்ற வேண்டியிருந்தால் அடோபி ரீடர் வேண்டும். அப்போது பழையதை நீக்கி, அடோபியின் தளத்திலிருந்தே புதியதை இறக்கிக்கொள்ளுங்கள். நிறுவும்போது கூடவே ஆன்டிவைரஸ் எதையாவது தள்ளிவிடப் பார்த்தால் டிக்கை எடுத்துவிட மறக்காதீர்கள்.

காலாவதியான ஆன்டிவைரஸ் வெறுமனே உட்கார்ந்திருப்பதைவிட இல்லாமல் இருப்பது நல்லது. அதை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் தானாகப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். வீட்டுக்கு அது போதும் என்பது என் கருத்து. 'டிரைவர் அப்டேட்டர்', 'ஸ்பீட் பூஸ்டர்' என்று பெயர் வைத்துக்கொண்டு எதுவாவது இருந்தால் அதையும் எடுங்கள். அவை தீர்க்கும் பிரச்சினையைவிட உண்டாக்குவது அதிகம்.

நீக்குவது எளிது. பெயருக்கு நேரே உள்ள மூன்று புள்ளியை அழுத்தி 'அன்இன்ஸ்டால்' கொடுங்கள். விண்டோஸ் 10இல் பெயரின் மேலேயே கிளிக் செய்ய வேண்டும். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் போய்க் கையால் அழிக்கக் கூடாது. அப்படிச் செய்தால் பாதி போகும், மீதி, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் சிக்கிக்கொண்டு பின்னால் தொல்லை தரும். செயலி போக மறுத்தால் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி முயலுங்கள். பெரும்பாலும் அந்தச் செயலி பின்னணியில் ஓடிக்கொண்டிருந்ததுதான் காரணமாக இருக்கும்.

தொடவே கூடாதவை

பட்டியலில் 'மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்' என்று 2008, 2010, 2013, 2015 என ஆண்டு ஆண்டாக வரிசையாக நிற்கும். பழைய பதிப்புகள் என்று எண்ணிக் கை வைத்துவிடாதீர்கள். ஒவ்வொன்றும் வெவ்வேறு செயலிகள் சாய்ந்து நிற்கும் தூண். 2010ஐ எடுத்தால் அதை நம்பி எழுதப்பட்ட செயலி மறுநாள் திறக்காது. டாட்நெட், இன்டெல், ரியல்டெக், என்விடியா, பிரின்டர் பெயரில் உள்ளவை இவற்றையும் விட்டுவிடுங்கள். என்னவென்று தெரியாத பெயர் வந்தால் அதுவும் நிற்கட்டும், விசாரித்துவிட்டு அடுத்த மாதம் பார்க்கலாம்.

நம்மவர்களுக்கென்று இன்னொரு எச்சரிக்கை. பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் வீட்டில் இருந்தால், அந்த எழுத்துருவை நீக்காதீர்கள். அது போனால் கோப்பைத் திறந்ததும் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமாகத்தான் தெரியும். முதலில் அந்தக் கோப்புகளை, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியது சரியாக வந்திருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம். தமிழில் தட்டச்சுவதற்காகவே நிறுவிய பழைய மென்பொருள் வேறு விஷயம். தமிழ்99 விசைப்பலகை இப்போது விண்டோஸிலேயே இருக்கிறது. செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, அதில் இரண்டு நாள் தட்டச்சிப் பாருங்கள். கை பழகிவிட்டால் பழையதை எடுத்துவிடலாம்.

இப்போது புதுப்பிப்போம்

செட்டிங்ஸில் 'விண்டோஸ் அப்டேட்' திறந்து 'செக் ஃபார் அப்டேட்ஸ்' அழுத்துங்கள். வருவதை இறக்கி நிறுவ விடுங்கள், கேட்டால் ரீஸ்டார்ட் செய்யுங்கள், திரும்ப வந்து மறுபடியும் அதையே அழுத்துங்கள். "யூ ஆர் அப் டு டேட்" என்று வரும்வரை இதுதான் வேலை. நீண்ட நாள் விட்டிருந்தால் மூன்று நான்கு சுற்று ஆகும். 'ஆப்ஷனல்' என்ற பிரிவில் உள்ள டிரைவர்களை (பிரின்டர், ஒலி போன்ற பாகங்களை இயக்கும் மென்பொருள்), ஏதாவது வேலை செய்யவில்லை என்றால் மட்டும் தொடுங்கள்.

போன் ஹாட்ஸ்பாட்டில் இணையம் பயன்படுத்துபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த இணைப்பு 'மீட்டர்ட்' என்று குறிக்கப்பட்டிருந்தால் விண்டோஸ் பெரும்பாலான அப்டேட்களை இறக்காமல் காத்திருக்கும். டேட்டாவை மிச்சப்படுத்தத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் எப்போதுமே ஹாட்ஸ்பாட்தான் என்றால் கணினி மாதக்கணக்கில் காத்துக்கொண்டே இருக்கும். தினம் ஒன்றரை ஜிபி பேக்கில் முடியாது என்றால், லேப்டாப்பை மாதம் ஒருமுறை ஃபைபர் இணைப்பு உள்ள உறவினர் வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு மதியம் அங்கே ஓட விடுங்கள். நான் அப்படிச் செய்துகொடுக்கும் வீடுகள் உண்டு.

அப்புறம், ஷட் டவுன் செய்வதும் ரீஸ்டார்ட் செய்வதும் ஒன்றல்ல. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கும் கணினிகளில் ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் மையப் பகுதி முழுதாக மூடப்படுவதில்லை, உறங்க வைக்கப்படுகிறது. அப்டேட் காத்திருக்கும்போது ஸ்டார்ட் மெனுவில் 'அப்டேட் அண்ட் ரீஸ்டார்ட்' என்று தெரியும், அதையே அழுத்துங்கள்.

அடுத்து பிரவுசர். குரோமில் மூன்று புள்ளி, 'ஹெல்ப்', 'அபௌட் கூகுள் குரோம்' என்று போனால் அந்தப் பக்கம் திறந்த உடனே புதுப்பிக்கத் தொடங்கிவிடும். 'ரீலாஞ்ச்' கொடுத்தால்தான் புதியது அமலுக்கு வரும். இருபது டேப் திறந்துவைத்துப் பிரவுசரை மூடாமலே வாரக்கணக்கில் ஓட்டுபவர்களுக்கு இது முக்கியம். பேங்க் கணக்கு பார்ப்பது அதில்தானே. பயர்பாக்ஸிலும் எட்ஜிலும் இதேபோல 'அபௌட்' பக்கம் உண்டு. பிரவுசரில் கூடுதல் வசதிக்காகச் சேர்த்து, இப்போது நினைவில் இல்லாத எக்ஸ்டென்ஷன்களையும் இந்தச் சாக்கில் எடுத்துவிடுங்கள்.

எம்எஸ் ஆபிஸில் 'ஃபைல்', 'அக்கவுன்ட்', 'அப்டேட் ஆப்ஷன்ஸ்'. ஆபிஸ் 2016க்கும் 2019க்கும் ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. காசு கொடுக்க மனமில்லை என்றால் லிப்ரே ஆபிஸ் இருக்கிறது. கோயில் கமிட்டி கணக்குக்கு அது தாராளம். லிப்ரே ஆபிஸிலும் வீடியோ பார்க்கும் விஎல்சியிலும் 'ஹெல்ப்' மெனுவிலேயே 'செக் ஃபார் அப்டேட்ஸ்' உண்டு. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் வாங்கியவற்றை அந்த ஸ்டோருக்குள்ளேயே ஒரே பொத்தானில் புதுப்பிக்கலாம். கொஞ்சம் தைரியம் வந்துவிட்டால் கட்டளைகளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலைத் திறந்து, விங்கெட் அப்கிரேட் என்ற இரண்டு சொற்களை ஆங்கிலத்தில் இடைவெளி விட்டு அடித்துப் பாருங்கள். எவையெவை பழையனவாக இருக்கின்றன என்று அதுவே அட்டவணை போட்டுக் காட்டும்.

விண்டோஸே பழையதாகிவிட்டால்

விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்றும், 8.1க்கு 2023 ஜனவரி 10 அன்றும், 10க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் ஆதரவு முடிந்தது. 7லோ 8.1லோ இருப்பவர்கள் அந்தக் கணினியில் பேங்க் வேலை செய்வதை இன்றே நிறுத்துங்கள். 10 வைத்திருப்பவர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பாக 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்குப் பதிவு செய்யும் இணைப்பு வரும். 11க்குப் போக டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பாகம், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை போன்ற நிபந்தனைகள் உண்டு. 'பிசி ஹெல்த் செக்' என்ற மைக்ரோசாஃப்ட் செயலி உங்கள் கணினி தேறுமா என்று சொல்லிவிடும். தேறாவிட்டால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள். செய்தியும் வீடியோ அழைப்பும் பேங்க்கும்தான் வேலை என்றால் பத்து வருடப் பழைய கணினியிலும் அது நன்றாக ஓடும். கணினியைத் தூக்கிப் போட அவசரப்பட வேண்டாம்.

கடையில் போட்டுத் தந்த விண்டோஸில் 'செக் ஃபார் அப்டேட்ஸ்' அழுத்தினால் பிழை மட்டுமே வருகிறதா? செட்டிங்ஸில் 'ஆக்டிவேஷன்' பக்கத்தைப் பாருங்கள். உரிமம் இல்லாத நகலைப் போடும்போது அப்டேட்டையே முடக்கிவைக்கும் வழக்கம் உண்டு. அப்படியென்றால் மேலே சொன்ன எதுவும் அந்தக் கணினியைக் காப்பாற்றாது. கோப்புகளைப் பிரதி எடுத்துவிட்டு, உரிமம் உள்ள விண்டோஸையோ இலவசமான லினக்ஸையோ புதிதாக நிறுவ வேண்டியதுதான்.

பொய் அப்டேட்கள்

ஏதோ ஒரு தளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது "உங்கள் பிளேயர் பழையது, புதுப்பிக்க இங்கே அழுத்தவும்" என்று ஜன்னல் குதித்தால் அது அப்டேட் இல்லை, தூண்டில். செயலியின் ஓட்டையை அடைப்பது அந்தச் செயலிக்குள்ளோ விண்டோஸ் செட்டிங்ஸிலோதான் நடக்கும், பக்கத்தில் ஓடும் விளம்பரத்தில் நடக்காது. சந்தேகமாக இருந்தால் ஜன்னலை மூடிவிட்டு, நீங்களாகவே செயலியைத் திறந்து பாருங்கள். "மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணினி காலாவதியாகிவிட்டது" என்று யாராவது போனில் கூப்பிட்டால் பதில் சொல்லாமல் வையுங்கள். அவர்கள் சொல்லி எதையாவது நிறுவிவிட்டீர்கள் என்றால் உடனே இணையத்தைத் துண்டியுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள். இந்தியாவில் எங்கிருந்தாலும் இணைய மோசடிப் புகாருக்கு இதுதான் எண்.

மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்பு அப்டேட்களை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. நம் ஊர்க் கணக்கில் அன்று இரவு. அதற்கடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டால் வசதி. முதல் முறை எங்களுக்கு நான்கு மணி நேரம் ஆனது. அடுத்த மாதம் சித்தப்பா தனியாகவே உட்கார்ந்தார், அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார். சமையலறைக் காலண்டரில் வருடம் முழுக்க அந்த ஞாயிறுகளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருக்கிறார். பட்டியல் நோட்டு கணினி மேசையின் இழுப்பறையில் இருக்கிறது. செவன் ஜிப்புக்கு நேரே நட்சத்திரத்தோடு.